கிரயமும் அடமானமும்

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகியவை ஒரு காலத்தில் ஏரிகளும் கழனிகளும் சூழ்ந்த ஊர்கள். 1960-களில் அப்பகுதியில் பெருந்தொழில்கள் எழுந்தபின், கழனிகள் பல வீட்டு மனைகளாயின. நிலத்தின் மதிப்பும் உயர்ந்தது. இத்தகைய இடத்தில், பத்திரத்திலுள்ள ஒரு சொல்லின் பொருளை அறியாதவர் தம் நிலத்தையே இழக்க நேரிடும்.

‘கிரயம்’ என்பது விலைக்கு விற்றல். ‘அடமானம்’ என்பது கடனுக்கு ஈடாக வைத்தல். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் ‘விலை ஆவணம்’, ‘ஒற்றி’ என இவை வேறு வேறாகவே வழங்குகின்றன. அடமானம் வைத்தவர் கடனைத் தீர்த்து நிலத்தை மீட்கலாம். கிரயம் செய்தவருக்கோ அவ்வுரிமை இல்லை.

பூவிருந்தவல்லிக்கு அருகில் ஓர் உழவர், மகளின் திருமணத்திற்குக் கடன் கேட்கிறார் என்று கொள்வோம். “கிரயமென்றே எழுதிக் கொடும், பணம் வந்ததும் நிலத்தைத் திருப்பித் தருகிறேன்” என்கிறார் செல்வர். உழவர் நம்பிக் கைந்நாட்டு இடுகிறார். பின்னர்ச் செல்வர் மறுக்கவே, ‘அஃது அடமானமே’ என்று வழக்குத் தொடுக்கிறார். திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்தாலன்றி, கிரயத்தை அடமானமாகக் கருதலாகாது என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தில் 1929இல் சேர்க்கப்பட்ட விதி. உழவரின் பத்திரத்தில் அந்நிபந்தனை இல்லை!

மாணவர்களே! உங்கள் இல்லத்துப் பெரியோர் ஒப்பமிடுமுன் பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். விளங்காத சொல்லைக் கேட்டறிதல் இழிவன்று. அறியாது ஒப்பமிடுதலே இழப்பு.