மாட்டின் வயிற்றிலுள்ள நுண்கிருமிகளுக்குத் தீனி

திண்டுக்கல் சமவெளியின் மானாவாரிக் கிராமங்களில், கோடையில் மாடுகளுக்குப் பெரும்பாலும் சோளத்தட்டையும் வைக்கோலுமே தீனியாகின்றன. இவற்றின் நாரைச் செரிக்கவல்ல சுரப்பு எதுவும் மாட்டின் உடலில் உண்டாவதில்லை. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்கிருமிகளே அவ்வேலையைச் செய்கின்றன. ஆகவே மாட்டைப் பேணுவோர் முதலில் அக்கிருமிகளைப் பேணுதல் வேண்டும்.

சக்தி பெறும் விதம்:— முதல் இரைப்பையில் பிராணவாயு இல்லையென்றே சொல்லலாம்; வெப்பம் ஏறக்குறைய 39 டிகிரி சென்டிகிரேட். கிருமிகள் நாரைச் சர்க்கரையாக உடைத்துப் புளிக்கவைத்து, தமக்கு வேண்டிய சொற்ப சக்தியைப் பெறுகின்றன. அவை கழிக்கும் அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் அமிலங்களை இரைப்பையின் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. மாட்டின் சக்தியில் சுமார் 70 சதவீதம் இவற்றினின்றே கிடைக்கிறது.

புரதம் உண்டாகும் விதம்:— கிருமிகள் பெருக நைட்ரஜன் வேண்டும். தீனியிலிருந்து உண்டாகும் அம்மோனியாவைக் கொண்டு அவை தம் உடலை வளர்க்கின்றன. பின்னர் தீனியோடு நான்காம் இரைப்பைக்குச் சென்று, தாமே செரிக்கப்பட்டு மாட்டிற்குப் புரதமாகின்றன. வைக்கோலில் நைட்ரஜன் மிகக் குறைவு. வயிறு நிறைந்தும் மாடு மெலிவதன் காரணம் இதுவே.

செய்யத்தக்கவை:—

1. அகத்தி, வேலிமசால் முதலிய தழைகளையோ, சிறிது கடலைப் புண்ணாக்கையோ வைக்கோலுடன் சேர்த்துக் கொடுக்கவும்.

2. 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் முழுவதும் கரைத்து, 100 கிலோ வைக்கோலில் அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் 21 நாள் மூடிவைக்கவும். பின் வேண்டிய அளவு எடுத்து, நெடி போக ஆறவிட்டு, சிறிது சிறிதாகப் பழக்கவும். 6 மாதத்திற்குட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. யூரியாவையோ அதன் கரைசலையோ மாடு நேரே உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

எச்சரிக்கை:— மாட்டுப் பொங்கலன்று அன்பினால் பொங்கலும் சோறும் மிகுதியாக ஊட்டுவோர் உண்டு. மாவுச்சத்து திடீரென மிகுந்தால் லாக்டிக் அமிலம் பெருகி, நாரைச் செரிக்கும் கிருமிகள் மடிகின்றன. மாடு அசைபோடாது, வயிறு உப்பிப் படுத்துவிடும், இறப்பதும் உண்டு. கைப்பிடியளவு ஊட்டினாலே வழிபாடு நிறைவுறும். மிகுதியாகத் தின்றுவிட்ட மாட்டைக் காலதாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்டுக.