அலைபேசியும் கோபுரமும்

"டவர் இல்லை" என்று நாடோறுங் கேட்கின்றோம். டவரோ கண்ணெதிரே நெடிதுயர்ந்து நிற்பினும் நிற்கும். இல்லாதது அதனினின்று வரும் அலையே. கருவியின் பெயர் அதன் காரியத்திற்கு ஆகிவந்தமையின் இதனைக் கருவியாகுபெயர் எனல் பொருந்தும். இவ்வாகுபெயரின் உட்பொருளை ஆராய்வதே ஈண்டு எமது நோக்கம்.

ஓர் அலைபேசியினின்று புறப்படும் அலை நேரே மற்றோர் அலைபேசிக்குச் செல்வதென்று கருதுவாருளர். அஃது அவ்வாறன்று. அவ்வலை அண்மையிலுள்ள கோபுரத்தின் உச்சியிற் கட்டப்பெற்ற ஆன்டெனாவை அடைந்து, ஆங்குள்ள தளநிலையத்தால் ஏற்கப்பெற்று, பின்னர்க் கண்ணாடியிழை வழியாகவோ மைக்ரோவேவ் வழியாகவோ இணைப்பகத்தைச் சேரும். கேட்பவர்க்கு அண்மையிலுள்ள கோபுரமே அதனை மீண்டும் அவர்பால் வீசுவது.

அலைவரிசைகளோ சில, பேசுவோர் பலர். இவ்விடர்ப்பாட்டிற்கு, அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த டக்ளஸ் ரிங் என்பார் 1947-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தெழுதிய குறிப்பொன்றில் வழிகாட்டினார். நிலப்பரப்பைத் தேனடைபோல அறுகோணக் கண்ணறைகளாகப் பகுத்து, ஓரறையில் வழங்கும் அலைவரிசையை அடுத்த அறைக்கு விலக்கிச் சேய்மையறைக்கு மீண்டும் வழங்கலாம் என்பதே அதன் சாரம். வட்டங்களை அடுக்கின் இடைவெளி தோன்றும்; அறுகோணத்திற்கு அக்குறையில்லை. 'செல்' என்னும் பெயரும் இவ்வறையாற் போந்ததே; நம் 'செல்' என்னும் வினையோடு அதற்கு யாதோர் உறவுமில்லை. இக்கருத்து வழக்கிற்கு வர நெடுங்காலஞ் சென்றது. டோக்கியோவில் 1979-லும், சிகாகோவில் 1983-லும், இந்தியாவில் 1995-லும் இத்தகைய அலைபேசிப்பணி தொடங்கிற்று.

இனி, ஒரு கோபுரத்தின் ஆற்றல் எத்துணைத் தூரஞ் செல்லும்? ஜி.எஸ்.எம். என்னும் இரண்டாந்தலைமுறை ஏற்பாட்டில், ஓர் அலைவரிசையை எண்மர் முறைவைத்துக் கொள்வர். ஒருவர்க்குரிய முறை ஏறக்குறைய 577 மைக்ரோசெகண்டு. தொலைவிலுள்ளான் விடுக்கும் அலை தாழ்த்து வருமாகலின், சற்று முன்னரே விடுக்குமாறு நிலையம் அவனது கருவியைப் பணிக்கும். அங்ஙனம் ஈடுசெய்தற்குப் பொதுவாகவுள்ள பேரெல்லை 35 கிலோமீட்டர். அதற்கப்பாற்பட்டான் அலை பிறனொருவன் முறையிற் புகுமாதலின் ஏற்கப்படாது. நிலவுலகின் வளைவும் உடன் தடுக்கும். 50 மீட்டர் உயரத்தினின்று நோக்குவார்க்குத் தொடுவானம் ஏறத்தாழ 25 கிலோமீட்டரே. அன்றியும், நிலையம் உரக்கக் கூவவல்லது; கைக்கருவியோ அவ்வேற்பாட்டில் 2 வாட்டிற்கு மேற்படாத மெல்லிய குரலினது. கூவுவது கேட்டும் மறுமொழி சேராதாயின் உரையாடல் யாங்ஙனம் நிகழும்?

நிலத்தில் இவ்வெல்லை பெரிதும் இடர்தருவதன்று. அறைக்கு அடுத்து அறையுண்டு. ஓடும் வண்டியிற் பேசிச் செல்வாரை ஒரு கோபுரம் மற்றொன்றினிடம் ஒப்புவித்துக்கொண்டே போகும். கடலிலோ கரையிலுள்ள அறையே இறுதியறை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் முதலிய ஊர்களின் மீனவர், கரைக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் பன்னாள் தங்கித் தொழில்புரிவோர். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் எழுந்தபோது, முன்னரே ஆழ்கடல் சென்றிருந்தார்க்கு அதனை அறிவிக்க அலைபேசியால் இயலவில்லை. பலர் மீண்டிலர். இல்லத்தார் எத்துணைமுறை அழைத்தாலும் அவ்வழைப்புக் கரைக்கோபுரத்தைக் கடந்து செல்லுமாறில்லை.

இக்குறையை நோக்கி 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் 'ஜெமினி' என்னுங் கருவி வெளியிடப்பெற்றது. 'ககன்' என்னும் ஏற்பாட்டின் செயற்கைக்கோள் வழியாக அது புயலெச்சரிக்கையைப் பெற்று, மீனவர் மடியிலுள்ள அலைபேசிக்கே புளூடூத்தால் அளிக்கும். கோபுரம் எட்டாவிடத்தும் அலைபேசிக்கு இங்ஙனம் ஒரு பயன் வாய்த்தது. எனினும், அக்கருவி செவியுடையதேயன்றி வாயுடையதன்று; கடலிலிருப்பார் அதன்வழிக் கரைக்கு ஒரு சொல்லேனும் மறுமொழி விடுத்தற்கியலாது.