அருவி பார்க்கப் போவோம், அனைவரும் திரும்பி வருவோம்

நடை எமக்குப் புதிதல்ல. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2006இல் மூதூர்ப் பகுதியிலிருந்து நடந்தவர்களும், 2009இல் முள்ளிவாய்க்கால்வரை நடந்தவர்களும் எம் மத்தியில் இருக்கின்றனர். அந்த நடைகளில் எப்போது புறப்படுவது, எவ்வழியால் போவது, எப்போது திரும்புவது என்று எதையுமே நாம் தீர்மானிக்கவில்லை. புறப்பட்டவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதும் எமக்குத் தெரியும்.

இன்று எமது இளைஞர் கழகங்களும் மாதர் சங்கங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைநாட்டுக்கு அருவி பார்க்கப் போக விரும்புகின்றன. இது நல்ல விருப்பம். இந்த நடையில் எல்லாவற்றையும் நாமே தீர்மானிக்கலாம். ஆனால் தீர்மானிக்காமல் புறப்பட்டால் இன்பப் பயணம் துன்பமாக முடியும். அருவிக்குப் போகும் திட்டம் என்பது உண்மையில் திரும்பி வருவதற்கான திட்டமே. அதை எவ்வாறு வகுப்பது என்று இப்பாடத்தில் பார்ப்போம்.

1. எங்கே போகிறோம்?

கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்திருக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரை உதாரணமாக எடுப்போம். பொத்திய கையின் விரல் மொளிகள் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் அதற்கு அப்பெயரை வைத்தனர். சிங்களத்தில் தும்பர என்பர். 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமையாக ஏற்ற மத்திய மலைநாட்டின் மூன்று பகுதிகளுள் இக்காடும் ஒன்று. இங்கு பெரியதும் சிறியதுமாகப் பல அருவிகள் உண்டு. லக்கல பக்கத்திலுள்ள சேர எல்ல சுமார் 10 மீற்றர் உயரமானதுதான். அதன் பின்னால் ஆட்கள் நிற்கக்கூடிய குகையொன்றும் உண்டு. இம்மலைகளின் நீர் மகாவலியில் சேர்ந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. கிழக்கில் வயல் செய்யும் எம்மவர்க்கு இது தமது தண்ணீரின் தாய்வீடு.

இது பாதுகாக்கப்பட்ட காடு. போகும் இடத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமா, வழிகாட்டி வேண்டுமா என்பதை வன பரிபாலனத் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். பாதை திறந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியுடன் வந்த பெருமழையால் மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்தது. முன்னர் போய்வந்தவர் சொல்லும் வழி இன்று வழியாக இல்லாமற் போகலாம்.

2. குளத்து நீரும் அருவி நீரும்

எமது பிள்ளைகள் குளத்திலும் வாய்க்காலிலும் கடலிலும் நீந்திப் பழகியவர்கள். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. குளத்து நீர் நாட்கணக்கில் உயரும். மலை ஓடையோ நிமிடக்கணக்கில் உயரும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் எறிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்து வெள்ளம் புறப்பட்டிருக்கும்.

அருவி விழும் கிடங்கில் வேறும் ஆபத்துகள் உண்டு. விழும் நீர் காற்றுக் குமிழிகளால் நிறைந்திருப்பதால் உடலைத் தாங்கும் சக்தி அதற்குக் குறைவு. சுழல் கீழே இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத பாறைகள் கிடக்கும். பாசி படிந்த கல்லில் நல்ல நீச்சற்காரனும் வழுக்கி விழுந்தால் தலைதான் முதலில் அடிபடும். ஆகவே அருவியின் உச்சிக்கு ஏறுவதில்லை, கிடங்கினுள் குதிப்பதில்லை என்று ஊரிலேயே தீர்மானித்துவிடுங்கள். மதுபானம் ஒரு துளியும் கொண்டு போகக்கூடாது.

3. காலம்

வடகீழ்ப் பருவக்காற்று எமக்கு மாரியைத் தரும்போது நக்கிள்சின் கிழக்குச் சரிவுகளிலும் பெருமழை பெய்யும். தென்மேல் பருவக்காற்றின்போது மேற்குச் சரிவுகள் நனையும். மாரி ஓய்ந்து, காலபோக அறுவடை முடிந்தபின் போவது எமக்கும் வசதி, மலைக்கும் பொருத்தம். எனினும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகலில் இடிமழை வருவது வழக்கம். எனவே காலையில் நடந்து, பிற்பகல் தொடங்கும்போதே கீழே இறங்கிவிட வேண்டும். புறப்படுவதற்கு முந்திய மூன்று நாட்களும் வானிலை அறிக்கையையும் மண்சரிவு எச்சரிக்கையையும் கேளுங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைப் பின்போடுங்கள். பஸ்ஸுக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும்.

4. மணிக்கணக்கு

1892இல் ஸ்கொட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் ஒரு கணக்குச் சொன்னார். ஏறக்குறைய 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம். அதனுடன் ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணித்தியாலம். அருவி 4 கிலோமீற்றர் தூரம், ஏற்றம் 300 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அவர் கணக்கில் 1 மணி 18 நிமிடம். ஆனால் அது திடமான மலையேறிகளுக்கானது. பிள்ளைகளும் அம்மாமாரும் சேர்ந்து காட்டு வழியில் போக அதை இரட்டிப்பாக்குங்கள்.

காலை 7.00 மணி - நடை தொடக்கம்
9.40 - அருவி
11.00 - திரும்பும் நேரம்
பி.ப. 1.30 - அடிவாரம்

இதில் மாற்றக்கூடாதது 11 மணி. அருவியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் 11 மணிக்குத் திரும்ப வேண்டும். “இன்னும் கொஞ்சத் தூரந்தானே” என்ற பேச்சுக்கு இடமில்லை.

5. பொறுப்புகள்

ஒருவர் தலைவர். திரும்புவோம் என்று அவர் சொன்னால் திரும்புவதுதான். பாதை தெரிந்தவர் முன்னே போவார். நிதானமான ஒருவர் கடைசியில் வருவார். அவருக்குப் பின்னால் எவரும் நிற்கக்கூடாது. நடையின் வேகம் மெதுவாக நடப்பவரின் வேகமே. இருவர் இருவராகச் சோடி சேர்த்து, ஒவ்வொரு தரிப்பிலும் ஆட்களை எண்ணுங்கள். மிதிவெடி நிலத்தில் வாழ்ந்த எமக்குப் பலர் நடந்த பாதையை விட்டு விலகக்கூடாது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. காட்டிலும் அதுவே சட்டம்.

பெயர்ப் பட்டியலின் ஒரு பிரதியை ஊரில் ஒருவரிடம் கொடுங்கள். காட்டினுள் தொலைபேசி வேலை செய்யாமல் போகலாம். குறித்த நேரத்தில் செய்தி வராவிட்டால் அவர் 119 பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். அம்புலன்சுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

6. கொண்டு போக வேண்டியவை

- ஆளுக்கு 2 லீற்றர் கொதித்தாறிய தண்ணீர்
- வாழையிலையில் சோற்றுப் பொதி, பனங்கட்டி
- பிடிமானமுள்ள சப்பாத்து, நீளக் காலுறை
- அட்டைக்குச் சவர்க்காரம் அல்லது உப்பு
- ரோச் லைற், விசில், மழை அங்கி
- காயத்துக்கு மருந்து, துணிக்கட்டு
- நீண்ட கயிறு, மூடியுள்ள வெற்றுக் கான்

அட்டை கடித்தால் பிய்த்தெடுக்காமல் நகத்தால் மெல்லத் தள்ளி எடுங்கள். இரத்தம் சற்று நேரம் கசியும்; சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். கால் கையில் புண் உள்ளவர்கள் எலிக்காய்ச்சலை நினைத்து நீரில் இறங்காதிருப்பது நல்லது.

7. ஓடையருகில்

தெளிந்த நீர் கலங்கினால், சருகும் தடியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், உடனே எல்லோரும் மேட்டுக்கு ஏற வேண்டும். பொதியை எடுக்க நிற்கக்கூடாது. முழங்காலளவு ஓடும் நீர்கூட வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். மறுகரையில் அகப்பட்டவர்கள் கடக்க முயலாமல் நீர் வடியும்வரை காத்திருக்கட்டும்.

எவராவது நீரில் விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள். இப்படிக் குதித்தே ஒரு சாவு இரண்டாகிறது. கயிற்றில் கட்டிய கானை எறியுங்கள். தடியை, சாரத்தை, சேலையை நீட்டுங்கள். நீட்டுபவரைப் பின்னாலிருந்து மற்றவர்கள் பிடித்துக்கொள்ளட்டும்.

பட்டியலில் இருபது பெயர் என்றால், மாலையில் பஸ்ஸில் இருபது பேர். அருவியைக் காணாமல் திரும்பினாலும் அப்பயணம் வெற்றியே.

கலந்துரையாடலுக்கு

1. எமது குழுவில் திரும்பும் நேரத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? இளைஞர்கள் அவர் சொல்லைக் கேட்பார்களா? கேட்காவிட்டால் என்ன செய்வோம்?
2. மெதுவாக நடப்பவர்களை விட்டுவிட்டுப் போவதா, அல்லது அவர்களும் வரக்கூடிய கிட்டிய அருவியைத் தெரிவதா?
3. கயிறு கட்டிய கானை எறிந்து பிடிக்கும் பயிற்சியை, பெரியவர்கள் அருகிலிருக்க, எமது குளக்கரையில் எப்போது செய்வோம்? நாளைக் குறியுங்கள்.