மேகத்தை ஊடுருவும் நுண்ணலை

வானொலி அலை, நுண்ணலை அடுப்பில் உணவைச் சூடாக்கும் அலை, விளக்கின் ஒளி ஆகிய யாவும் மின்காந்த அலைகளே. அலைநீளமே அவற்றை வேறுபடுத்துகிறது. மத்திய அலை வானொலியில் அது சில நூறு மீட்டர். அடுப்பில் சுமார் 12 சென்டிமீட்டர். ஒளியிலோ மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு.

இவ்வேறுபாடு வெள்ளக் காலத்தில் பெரிதும் பயன்படுகிறது. மேகத்தின் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால், ஒளியால் எடுக்கப்படும் செயற்கைக்கோள் படங்களில் மழைநாளில் மேகமே தெரியும். அத்துளிகளைவிட அலைநீளம் பன்மடங்கு பெரிதான நுண்ணலை மேகத்தைக் கடந்து, நிலத்தில் பட்டு மீள்கிறது. 2012-இல் ஏவப்பட்ட ரிசாட்-1, 2022-இல் ஏவப்பட்ட இ.ஓ.எஸ்.-04 ஆகியவை நுண்ணலையைத் தாமே செலுத்தும் வகையின. ஆதலின் அவற்றுக்கு இரவும் தடையன்று.

ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலை உணர்வு மையம் இத்தகைய தரவுகளைக் கொண்டு வெள்ள வரைபடங்கள் தயாரிக்கிறது. அமைதியான நீர்ப்பரப்பு, கண்ணாடிபோல் அலையை வேறு திசையில் திருப்பிவிடுவதால் படத்தில் கருமையாகத் தோன்றும். வெள்ளத்துக்கு முந்தைய படத்துடன் ஒப்பிட்டால், புதிதாக மூழ்கிய பகுதிகள் புலப்படும். படகும் உணவும் முதலில் எங்கே செல்ல வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் முடிவு செய்ய இது துணைபுரியும். எனினும், நெருங்கிய கட்டடங்களிடையிலும் காற்றில் அலையும் நீரிலும் இக்கருமை தெளிவாகத் தோன்றாது. அங்குக் களத்திலிருந்து வரும் செய்தியையும் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும்.