பெயரற்ற கிண்ணம்

காப்பியின் தரம் காணும் சோதகர்முன் வைக்கப்படும் கிண்ணங்களில் தோட்டத்தின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இராது. எண் மட்டுமே இருக்கும். பொடியின்மீது வெந்நீர் வார்த்து, ஏறத்தாழ 4 நிமிடம் பொறுத்து, மேலே திரண்ட ஏட்டைக் கரண்டியால் விலக்கி மணத்தை நுகர்வார். பின்னர் ஆற ஆறப் பலமுறை உறிஞ்சிச் சுவைப்பார். சூட்டில் மறைந்திருந்த குறை அப்போதுதான் வெளிப்படும்.

பெயரை ஏன் மறைக்க வேண்டும்? அது முன்னே வந்துவிட்டால் நாவு அதற்கேற்பவே சாட்சி சொல்லும். பல்லாண்டு பழகிய நாவும் இதற்கு விலக்கன்று. நியாய நூலார் காட்சியையும் ஆப்த வாக்கியத்தையும் பிரமாணங்களாகக் கொண்டனர்; உறைமீதுள்ள பெயர் இரண்டிலும் அடங்காது.

இல்லங்களில் பலர் டிகாக்ஷனின் கருமையைக் கண்டே அதன் வலிமையை மெச்சுகின்றனர். அக்கருமை சிக்கரியாலும் வரும். இந்திய விதிப்படி கலவைப் பொடியில் 49 சதவீதம்வரை சிக்கரி இருக்கலாம். விகிதம் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அச்சுவையை விரும்புவோர் விரும்பட்டும். சிக்கரியில் காஃபின் இல்லை என்பதையும் அறிந்து பருகலாம்.