முதல் மழையும் துவரை விதையும்

பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது அட்டப்பாடி மலை. மேற்கே முக்காலியில் மழை கொட்டும். கிழக்கே கோட்டத்தறை, சோலையூர் பக்கம் மழை குறைவு. மலை மழையை மறைத்துவிடுகிறது. இடுக்கி மாவட்டத்தில் மறையூர், சின்னாறு பக்கமும் இப்படித்தான்.

கிழக்கு அட்டப்பாடியில் மழையை நம்பித் துவரை விதைக்கிறார்கள். ராகி, சாமையோடு கலந்தும் விதைப்பார்கள். பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த விதை அது. தோல் வெள்ளை. விதை பெரியது. 2022-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்த் துவரையை இந்தப் பெயரில் விற்கக் கூடாது.

முதல் மழை பெய்கிறது. விதைக்கிறோம். பிறகு பத்து நாள் மழை இல்லை. என்ன ஆகும்?

காய்ந்த விதை தூங்குகிறது. ஈரம் பட்டதும் ஊறிப் பருக்கிறது. தோல் வெடிக்கிறது. முதலில் வருவது இலை அல்ல, வேர். வேர் வரும் முன்பே ஈரம் காய்ந்தால் பல விதைகள் பிழைத்துவிடும். அடுத்த மழைக்குக் காத்திருக்கும். வேர் வந்த பிறகு மண் காய்ந்தால் முளை கருகிவிடும். விதையும் போச்சு, உழுத கூலியும் போச்சு!

ஆனால் எல்லா ரகமும் ஒன்று போல் இல்லை. சில ரகங்கள் கொஞ்ச ஈரத்திலேயே முளைக்கும். வேரைச் சட்டென்று ஆழத்துக்கு விடும். அடி மண்ணின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் குணத்தை ஆராய்ச்சி நிலையங்களில் எப்படிப் பார்க்கிறார்கள்? மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டால் நீர் விடுகிறது அல்லவா? உப்பு நீரை இழுக்கிறது. அதுபோல நீரைப் பிடித்து வைக்கும் ஒரு பொருளைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் விதைகளை முளைக்க வைக்கிறார்கள். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் விதைக்கு எளிதில் கிடைக்காது. அப்போதும் எந்த ரகம் வேர் விடுகிறது என்று பார்க்கிறார்கள். வேரின் நீளத்தையும் அளக்கிறார்கள்.

நீங்களும் வீட்டில் பார்க்கலாம். 100 விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். சாக்கு காயாமல் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரத்தில் முளைத்ததை எண்ணுங்கள். துவரைக்கு 100-க்கு 75 முளைக்க வேண்டும் என்பது அரசின் தர அளவு. பிறகு இரண்டு ரகங்களை இரண்டு சட்டிகளில் விதையுங்கள். ஒரே மண், ஒரே அளவு தண்ணீர். அதுவும் கொஞ்சம்தான். எது தாங்குகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. விதையை 3 மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வேர் வரும் முன்பே எடுத்துக் காயவைக்க வேண்டும். விதை பாதி விழித்துக்கொண்டது! வயலில் ஈரம் பட்டதும் விரைவாக முளைக்கும். காயவைப்பது நிழலில்தான். வெயிலில் போட்டால் விதை கெட்டுவிடும்.