கோப்பு எங்கே இருக்கிறது?

அனலைதீவுக்குப் போகிறவர்கள் ஊர்காவற்துறை இறங்குதுறையில் சாமான்களை இறக்கி வைத்துப் படகுக்குக் காத்திருப்பார்கள். துறை எல்லோருக்கும் பொது. அங்கே சாமானை நாட்கணக்கில் விட்டுவைக்க முடியாது. அது போய்ச் சேரவேண்டிய இடம் வீடு. பல்கலைக்கழகங்களில் பலர் சேர்ந்து பாவிக்கும் கணினிக் கொத்தணியிலும் இதே ஒழுங்குதான்.

வேகமான வலையமைப்பால் இணைக்கப்பட்டு ஒன்றாக வேலை செய்யும் பல கணினிகளே கொத்தணி. காலநிலை எதிர்வுகூறல், மரபணு ஆய்வு போன்ற பெரிய கணக்குகள் அதில் நடக்கின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 2022இல் நிறுவப்பட்ட ‘பரம் பிரவேகா’ அத்தகையது. அதன் சேமிப்பகம் 4 பெட்டாபைட், அதாவது 4,000 டெராபைட். ஆயினும் பலர் பங்கிடுவதால், இத்தகைய கொத்தணிகளில் ஒவ்வொருவருக்கும் இடம் அளந்தே கொடுக்கப்படும்.

பயனருக்குப் பொதுவாக மூன்று அடைவுகள் உண்டு.

முதலாவது ‘ஹோம்’. உள்நுழைந்ததும் நாம் நிற்கும் இடம் இதுவே. இடம் சிறிது, பெரும்பாலும் காப்பு நகல் எடுக்கப்படும். நாம் எழுதிய நிரல்களும் முக்கிய முடிவுகளும் இங்கே இருக்கவேண்டும்.

இரண்டாவது ‘ஸ்க்ராட்ச்’. இதுதான் இறங்குதுறை. இடம் பெரிது, வேகம் அதிகம். கணக்கு ஓடும்போது உருவாகும் பெரிய கோப்புகளுக்கானது. பொதுவாகக் காப்பு நகல் கிடையாது. குறித்த நாட்கள் தொடப்படாத கோப்புகளைப் பல நிலையங்களில் கணினியே அழித்துவிடும்.

மூன்றாவது, ஆய்வுக் குழுவுக்கான பொது அடைவு. யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்ற உரிமையை இங்கே அமைக்கலாம். ஆகவே கோப்பைப் பகிர்வதற்காகத் தோழிக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்கத் தேவையில்லை.

அடைவுகளை அறிந்தால் மட்டும் போதுமா? 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில், பழைய பதிவுக் கோப்புகளை அழிக்கவேண்டிய காப்பு நிரலை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றினார்கள். நிரல் தடுமாறி ஆய்வாளர்களின் கோப்புகளையே அழித்தது. சுமார் 77 டெராபைட், 3 கோடி 40 இலட்சம் கோப்புகள் போயின. 14 குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்களின் கோப்புகளை மீட்கவே முடியவில்லை. காப்பு நகல் எடுக்க வந்த நிரலே அழித்தது என்பதுதான் இதிலுள்ள பாடம்.

ஒரே பிரதியின் ஆபத்து யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதல்ல. 1981இல் பொது நூலகம் எரிந்தபோது, சுமார் 97,000 நூல்களுடன் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின.

ஆகவே மூன்று பழக்கங்கள் வேண்டும். கணக்கைத் தொடங்குமுன் எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தல். முடிந்த அன்றே முடிவுகளை ஹோமுக்கு மாற்றி, கொத்தணிக்கு வெளியேயும் ஒரு நகல் வைத்தல். தேவையற்றதை நாமே அழித்தல். பொது இடம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாம் வீணாக நிரப்பும் இடம் இன்னொருத்தியின் ஆய்வை நிறுத்திவிடலாம்.

இதற்குப் பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்க வேண்டாம். நாளை கல்லூரிக் கணினி அறையில் ஒப்படையைச் சேமிக்கும்போது, அது எந்த அடைவில் இருக்கிறது, இன்னொரு நகல் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் பெற்றோரும் அதையே கேட்கலாம்.